பதினாறு பக்கம் ஆவுடையப்பன்

சுத்துமடைக்காரர்கள் சொன்ன சொல்லைத் தட்டாதவர்கள். அந்த ஊரில் இதுவரை நடந்த கோளாறுகள் எல்லாவற்றுக்கும் அது ஒன்றுதான் காரணம்.

பஸ் நிறுத்தத்துக்கு எதிரே சைக்கிள் கடை வைத்திருக்கும் ஆவுடையப்பனுக்கு நாலு வருஷமாக ஒரே மனக்குறை. கிளை நூலகத்தில் 'ஏழாம் நிலவின் தோணி' என்ற மாயக்கதை நாவலை எடுத்துப் படித்தார். நீராழி என்று ஒரு பெண். தொலைந்துபோன தம்பியைத் தேடிப் பறக்கும் தோணியில் ஏறுகிறாள். ஆறு நிலவுகளைத் தாண்டி ஏழாவதுக்குப் போகிறாள். அங்கே மலை உச்சியில் ஒற்றை வீடு. கதவைத் தட்டுகிறாள். 'கதவைத் திறந்து எட்டிப் பார்த்தது' என்று முன்னூற்று நாலாம் பக்கம் முடிகிறது. அதற்குப் பிறகு இருந்த பதினாறு பக்கத்தையும் கரையான் படித்து முடித்துவிட்டது.

கதவைத் திறந்தது யார்? தம்பியா, அவனைக் கொண்டுபோனவனா, வேறு யாராவதா? பஞ்சர் ஒட்டும்போதும் அவருக்கு இதே யோசனைதான். ஒருநாள் ஓட்டை இல்லாத டியூபில் மூன்று ஒட்டுப் போட்டுக் கொடுத்தார். எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் யார் எட்டிப் பார்க்கப்போகிறார்களோ என்று இடுக்கில் கண்ணை வைத்து நிற்பார். சொந்த வீட்டில் மனைவி பகவதி வந்து திறந்தால், "ப்ச், நீதானா" என்பார். இதனால் வீட்டில் சில சங்கடங்களும் உண்டு.

அப்போதுதான் மாவட்டத் தலைமையிடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. சுத்துமடை நூலகத்தில் அறிவியல் புனைகதை, மாயக்கதை அலமாரியை யாரும் தொடுவதே இல்லை, இரண்டு மாதத்துக்குள் புத்தகங்கள் வெளியே போகாவிட்டால் அலமாரி தலைமையிடத்துக்குப் போகும் என்று கண்டிருந்தது. அதே வாரம், யாரோ புண்ணியவான் நன்கொடையாக அனுப்பிய புத்தகக் கட்டில் 'ஏழாம் நிலவின் தோணி'யின் புத்தம்புதுப் பிரதி ஒன்று வந்து சேர்ந்தது. கரையான் தொடாத முன்னூற்று இருபது பக்கம்.

அலமாரி போனால் முடிவும் போய்விடும். ஆவுடையப்பன் கடையைச் சாத்திவிட்டு ஓடி, மூன்று பேரைப் பிடித்து வாசகர் வட்டம் ஆரம்பித்தார். தபால்காரராக இருந்து ஓய்வு பெற்ற கோமதிநாயகம் ஒருவர். அரிசி ஆலையில் கோணி தைக்கும் சுடலைமுத்து ஒருவர். இட்லிக்கடை மங்களத்தக்கா ஒருவர். ஆவுடையப்பன் தலைவர்.

நூலகர் பியூலா மேடத்துக்கு ஒரே சந்தோஷம். வாரத்தில் மூன்று நாள் பக்கத்து ஊர் நூலகத்தையும் அவர்தான் பார்க்க வேண்டும். அந்த நாட்களில் வட்டமே ரிஜிஸ்டர் எழுதிக்கொள்ளட்டும் என்று சாவியைக் கொடுத்தார். கூடவே மூன்று யோசனையும் சொன்னார்.

"நல்ல புத்தகம் கையில கிடைச்சா உடனே நாலு பேருக்குச் சொல்லணும். ஆளுக்குத் தகுந்த புத்தகமாப் பாத்துக் குடுக்கணும். எந்தக் கதையா இருந்தாலும் முடிவை மட்டும் சொல்லிரக் கூடாது. இவ்வளவுதான்."

இவ்வளவுதான் என்று அவர் நினைத்தார்.

மேடம் பஸ் ஏறியதும் ஆவுடையப்பன் புதுப் பிரதியை எடுத்து நேராக முன்னூற்று ஐந்தாம் பக்கத்தில் விரலை வைத்தார். கோமதிநாயகம் தொண்டையைச் செருமினார்.

"அண்ணாச்சி, மேடம் என்ன சொன்னாவ? உடனே சொல்லணும்னாவ. படிச்சிட்டுச் சொல்லணும்னு சொல்லலியே."

ஆவுடையப்பன் விரலை எடுத்தார். சொன்ன சொல்லைத் தட்டலாமா?

"சரி, நாலு பேருக்குச் சொல்லிருதேன்."

"அங்கதான் சிக்கல்" என்றார் கோமதிநாயகம். "வட்டத்துல நாம எத்தனை பேரு?"

"நாலு."

"சொல்லுதது ஒருத்தரு. கேக்கதுக்கு மூணு பேருதான இருக்கோம்."

எல்லோரும் விரல் மடக்கிப் பார்த்தார்கள். மூன்றுதான் வந்தது.

"இன்னொரு ஆளைச் சேத்துக்கிடுவோமே" என்றார் சுடலைமுத்து.

"நால்வர் வாசகர் வட்டம்னு பலகை எழுதியாச்சு. பெயிண்டு கூட இன்னும் காயல" என்றாள் மங்களத்தக்கா.

கடைசியில், மூன்று பேருக்குச் சொன்னபிறகு நாலாவதாக அவரவர் தமக்கே சொல்லிக்கொள்வது என்று முடிவாயிற்று. ஆவுடையப்பன் மூவருக்கும் சொல்லிவிட்டு, கடையில் தொங்கிய கண்ணாடி முன்னால் போய் நின்றார்.

"ஆவுடையப்பன், இது ரொம்ப நல்ல புத்தகம் வே. எடுத்துப் படியும்."

கண்ணாடியில் இருந்தவர் கண் கலங்கினார். "எனக்கும் நாலு வருஷமா ஆசைதான். ஆனா மூணு பேருக்குச் சொல்லிட்டீரே. அவங்க முதல்ல படிக்கட்டும்." இப்படிப் பெருந்தன்மையாகத் தனக்குத்தானே விட்டுக்கொடுத்துவிட்டு, புத்தகத்தை மங்களத்தக்காவிடம் நீட்டினார்.

அவள் வாங்கின கையோடு மூன்று பேருக்குச் சொன்னாள். நாலாவதாக சாம்பார் வாளி மூடியில் தன் முகம் பார்த்துச் சொன்னாள். புத்தகம் சுடலைமுத்துவிடம் போனது. அவர் உடனே சொன்னார். அது கோமதிநாயகத்திடம் போனது. சாயங்காலத்துக்குள் ஒரு சுற்று முடிந்து ஆவுடையப்பன் கைக்கே திரும்பி வந்தது. ஒவ்வொரு தடவையும் ரிஜிஸ்டரில் கையெழுத்து விழுந்தது. தினமும் நாலு கையெழுத்து. படித்தவர் ஒருவரும் இல்லை. ஒவ்வொரு சாயங்காலமும் அந்தக் கனத்தைக் கையில் வாங்கி, உடனே நீட்டிவிடுகிற வேதனை ஆவுடையப்பனுக்குத்தான் தெரியும்.

மற்ற புத்தகங்களையும் சும்மா விடவில்லை. ஆளுக்குத் தகுந்த புத்தகம் வேண்டும் என்பதால், வாசகர்களை அரிசி ஆலைக்குக் கூட்டிப்போய் மூட்டை நிறுக்கும் தராசில் ஏற்றினார்கள். அல்வாக்கடைக்காரர் நூற்றுப் பத்து கிலோ. செவ்வாய்க் கிரகத்தில் நடக்கும் பரம்பரைக் கதை மூன்று பாகத்தையும் கட்டித் தலையில் வைத்துவிட்டார்கள். தையல் டீச்சர் முப்பத்தெட்டு கிலோ. அவருக்குப் பதிப்பகத்தின் மெல்லிய விலைப்பட்டியல்தான் பொருத்தமாக இருந்தது.

டிராகன் வருகிற நாவல்களை மங்களத்தக்கா கூரை வீட்டுக்காரர்களுக்குக் கொடுக்கவே மாட்டாள். "அது நெருப்பைக் கக்குமாம். ஓட்டு வீடா இருந்தா எடுத்துட்டுப் போங்க. பக்கத்துல ஒரு குடம் தண்ணி இருக்கட்டும்."

கோமதிநாயகம் விண்வெளிக் கதைகளை எடுத்துச் சொல்வதில் நேர்மையானவர். "இது இரண்டாயிரத்து முன்னூத்துப் பத்துல நடக்கப்போற கதை. இன்னும் எவ்வளவோ காலம் கிடக்கு. அவசரமில்ல." கேட்டவரும், சரி, நெருங்கும்போது வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று போய்விடுவார்.

மூன்றாவது வாரம் மங்களத்தக்கா ஒரு பெரிய தப்பைக் கண்டுபிடித்தாள்.

"நாம யாரும் முடிவைச் சொல்லல. ஆனா இந்தப் புத்தகங்க சொல்லுதே."

"எங்க சொல்லுது?"

"கடைசில. கேட்டவங்களுக்கும் சொல்லுது, கேக்காதவங்களுக்கும் சொல்லுது. இதை எப்படி விட்டோம்?"

வட்டம் ஆடிப்போய்விட்டது. இரண்டு மணி நேரம் பேசினார்கள். கடைசிப் பக்கங்களைக் கிழித்துவிடலாம் என்றார் கோமதிநாயகம். அரசாங்கச் சொத்து என்றாள் மங்களத்தக்கா. சுடலைமுத்து மடியிலிருந்து கோணி ஊசியையும் சணலையும் எடுத்து வைத்தார்.

அலமாரியில் இருந்த அத்தனை புத்தகங்களுக்கும் கடைசி அத்தியாயத்தைச் சுற்றித் தையல் விழுந்தது. 'தோணி'யின் முறை வந்தபோது தலைவர்தான் புத்தகத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஊசி முன்னூற்று ஐந்தாம் பக்கத்தில் இறங்கியபோது ஆவுடையப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ரேஷன் கடை எழுத்தர் வன்னியராஜ் ஒரு புத்தகத்தைத் தையல்வரை படித்துவிட்டு ஆவேசமாக வந்தார். "முடிவு எங்க வே?"

"பத்திரமா இருக்கு" என்றார் சுடலைமுத்து.

அடுத்த புத்தகத்திலாவது முடிவு இருக்காதா என்று வன்னியராஜ் இன்னொன்றை எடுத்துப் போனார். பிறகு இன்னொன்று. ஊரில் எல்லோரும் அப்படியே எடுக்க ஆரம்பித்தார்கள். அலமாரி காலியாகிவிட்டது. பியூலா மேடம் தாம் இருந்த நாட்களில் வெற்று அலமாரியைப் பார்த்துப் பூரித்துப்போனார்.

இரண்டு மாதம் முடிந்ததும் மாவட்ட அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். அலமாரியைத் தூக்கிப்போக வந்தவர் ரிஜிஸ்டரைப் பார்த்துக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"ஒரே நாவலை இருநூத்தி முப்பத்தாறு தடவை எடுத்திருக்கீங்க. நான் சின்ன வயசுல உயிரா இருந்த புத்தகம் இது. எப்படி இருந்தது?"

"கைக்கு அடக்கமா இருந்தது சார்" என்றாள் மங்களத்தக்கா.

"எவ்வளவு சுத்தினாலும் அட்டை கழலல" என்றார் கோமதிநாயகம்.

அதிகாரி தம் போக்கில் உருகிக்கொண்டிருந்தார். "அந்தக் கடைசிக் கட்டத்தை மறக்க முடியுமா? நீராழி கதவைத் தட்டுறா. திறந்து எட்டிப் பார்க்கிறது யாருன்னா..."

சுடலைமுத்து ஒரே எட்டில் பாய்ந்து தம் துண்டால் அதிகாரியின் வாயைப் பொத்தினார். மற்ற இருவரும் ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டார்கள். ஆவுடையப்பன் இரண்டு காதையும் இறுகப் பொத்திக்கொண்டார். அப்புறம் நாலு வருஷ ஏக்கம் தாங்காமல், வலது காதிலிருந்து ஒரே ஒரு விரலை மட்டும் லேசாக விலக்கினார். துண்டுக்குள்ளிருந்து "ம்ம்ம்" என்றுதான் கேட்டது.

பியூலா மேடம் ஓடி வந்து விலக்கிவிட்டு, கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டார். ஆனால் அதிகாரி கோபப்படவில்லை. கதையின் முடிவைக் காப்பாற்ற அதிகாரி வாயையே அடைக்கும் வாசகர்களைத் தம் சர்வீஸில் கண்டதில்லை என்றார். அலமாரி இங்கேயே இருக்கட்டும் என்றார். இருநூற்று முப்பத்தாறு தடவை போய்வந்த பிரதியை மட்டும் தலைமையிடத்தில் கண்ணாடிப் பெட்டியில் வைக்க எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். ஆவுடையப்பன் மட்டும் சுவரைப் பார்த்து நின்றார். தோள் குலுங்கியது.

மேடம் அருகில் போய் விசாரித்தார். கதவு விஷயம் மொத்தமும் வெளியே வந்தது. கேட்கக் கேட்க அவருக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது. கத்தரிக்கோலை எடுத்துத் தையலை வெட்டினார்.

"சார் காபி குடிச்சு முடிக்கறதுக்குள்ள படிச்சிருங்க."

"உடனே நாலு பேருக்கு..."

"யாருக்கும் சொல்ல வேண்டாம். படிங்க அண்ணாச்சி."

ஆவுடையப்பன் நின்றபடியே பதினாறு பக்கத்தையும் படித்தார். ஒரு பக்கத்தில் சிரித்தார். ஒரு பக்கத்தில் மூக்கைச் சிந்தினார். கடைசிப் பக்கத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, புத்தகத்தைக் கண்ணில் ஒற்றிக் கொடுத்தார். நாலு வருஷத்துக்குப் பிறகு அவர் முகத்தில் நிம்மதி தெரிந்தது. ஜீப் போய்விட்டது.

மறுநாள் மேடம் பக்கத்து ஊருக்குப் போயிருந்தபோது வட்டம் கூடியது.

"இப்ப நம்மகிட்ட இருக்கது பழைய பிரதி" என்றார் கோமதிநாயகம். "அதுல முன்னூத்தி நாலு பக்கம்தான் இருக்கு. மிச்சம் பதினாறு பக்கம் எங்க இருக்கு?"

எல்லோரும் ஆவுடையப்பனைப் பார்த்தார்கள்.

"புத்தகம் ஒரு இடத்துலயும் முடிவு ஒரு இடத்துலயும் கிடக்கது முறையில்ல" என்றாள் மங்களத்தக்கா.

ஆவுடையப்பனுக்கு அதில் ஆட்சேபணை இல்லை. பதினாறு பக்கம் இல்லாமல் தவிப்பது என்னவென்று அவரைவிட யாருக்குத் தெரியும்? முதுகில் நூலக எண் எழுதிய சீட்டை ஒட்டினார்கள். முன்னங்கையில் வட்ட முத்திரை குத்தினார்கள். சுடலைமுத்து கோணி ஊசியை எடுத்தார். மனுஷனுக்குத் துண்டு போதும் என்று மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்மானம் நிறைவேறியது. வாயைச் சுற்றித் துண்டு கட்டினார்கள்.

முதலில் எடுத்துப் போனவர் வன்னியராஜ். அவர் முன்னே புத்தகத்தோடு போக, ஆவுடையப்பன் பின்னே நடந்தார். ஆறாம் நாள் முன்னூற்று நாலாம் பக்கம் முடிந்து துண்டை அவிழ்த்ததும், ஆவுடையப்பன் கதவைத் தட்டிக் காட்டி, திறந்து எட்டிப் பார்த்துக் காட்டி, பதினாறு பக்கத்தையும் நடித்தே தீர்த்துவிட்டார். வன்னியராஜ் தேம்பித் தேம்பி அழுதார். உடனே நாலு பேருக்குச் சொன்னார். இரண்டு வாரத்தில் பத்தொன்பது பேர் பெயர் கொடுத்துக் காத்திருந்தார்கள். மேடம் தலையில் கை வைத்துக்கொண்டார். ஆனால் ரிஜிஸ்டரில் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

மூன்றாவது வீட்டுக்கு ஆவுடையப்பன் போயிருந்தபோது பகவதி நூலகத்துக்கு வந்தாள்.

"எங்க வீட்டுக்காரர் எப்ப வருவாரு?"

கோமதிநாயகம் ரிஜிஸ்டரைப் புரட்டினார். "பதினேழாந் தேதி வரணும். ஆனா அடுத்த ஆளு காத்திருக்காவ. உறுப்பினர் அட்டை இருக்கா தாயி?"

பகவதி தன் பெயரில் அட்டை எடுத்து, முறை வரும்வரை பொறுத்திருந்து, கணவரைப் பதினாலு நாளைக்கு வாங்கிப் போனாள். கோமதிநாயகம் வாசல்வரை வந்து சொல்லி அனுப்பினார். "மழையில நனைய விடாதீங்க. மூலையை மடக்கிராதீங்க. முன்னூத்தி நாலு முடியற வரைக்கும் துண்டை அவுக்கக் கூடாது. சாப்பாட்டு நேரத்துல அவுக்கலாம். ஆனா வாயில எப்பவும் சோறு இருக்கணும்."

பதினாலு நாள் முடிந்தது. புத்தகமும் வரவில்லை, ஆவுடையப்பனும் வரவில்லை. பதினைந்தாம் நாள் காலையில் கோமதிநாயகம் போய்க் கதவைத் தட்டினார். பகவதி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். உள்ளே ஆவுடையப்பன் வாயில் துண்டோடு, சத்தமே இல்லாமல், துவைத்த துணிகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தார்.

"கெடு முடிஞ்சிட்டு தாயி. எத்தனாம் பக்கம் போகுது?"

"பன்னெண்டு."

"பதினாலு நாள்ல பன்னெண்டு பக்கமா?"

"இப்படி ஒரு புத்தகத்தை அவசரப்பட்டுப் படிச்சிரலாமா அண்ணாச்சி? இன்னொரு பதினாலு நாளைக்கு எழுதிக்கிடுங்க" என்றாள் பகவதி. "பக்கத்து வீட்லயும் எதுத்த வீட்லயுமா நாலு பேருக்குச் சொல்லிட்டேன். அவங்க வீட்டுக்காரங்களையும் லைப்ரரியில சேத்துக்கிடுவீங்களான்னு கேக்காங்க."