கரியன் வாங்கிய தூரம்

கரியன் என்ற வெளிமானைவிட வேகமாக ஓடும் பிராணி அந்தக் காட்டில் இல்லை. அவனுக்கு இருந்த ஒரே குறையும் அதுதான்!

காட்டை ஒட்டி ஒரு ஏரி இருந்தது. தை பிறந்ததும் தண்ணீர் வற்றி, ஏரிக்குள் புல் முளைத்துவிடும். மேற்கே உயரமான மண் கரை. கிழக்குக் கோடியில் ஒரு நாவல் மரம். அந்த மரத்தடி ஊற்று மட்டும் வற்றாமல் கசிந்துகொண்டிருக்கும். ஊற்றைச் சுற்றிக் கோரை அடர்ந்து கிடக்கும்.

வாரம் ஒருமுறை, வெயில் தாழ்ந்ததும், மிருகங்கள் கரையிலிருந்து நாவல் மரம் வரை ஓட்டப்பந்தயம் வைக்கும். பங்குனி கடைசியில் பெரிய பந்தயம். அதில் ஜெயித்தவர் குடும்பத்துக்குக் கோடை முழுவதும் முதல் தண்ணீர். விடிந்ததும் அவர்கள் தெளிந்த ஊற்றில் ஆற அமரக் குடிக்கலாம். மற்றவர்கள் பிறகு முண்டியடித்துக்கொண்டு கலங்கல் தண்ணீரைக் குடிக்க வேண்டியதுதான்.

எல்லோரும் ஒரே கோட்டில் நின்றால் கரியன்தானே ஜெயிப்பான்? அதனால் அங்கே ஒரு வழக்கம் இருந்தது. வாரப் பந்தயத்தில் கடைசியாக வருபவர், அடுத்த முறை பத்துப் பன்றி நீளம் முன்னால் நிற்கலாம். தோற்கத் தோற்க அந்தத் தூரம் கூடிக்கொண்டே போகும்; பெரிய பந்தயத்திலும் அதே இடம்தான். நடுவர் சிலும்பன் என்ற முள்ளம்பன்றி. அவன் காட்டுப்பன்றியைப் பத்து முறை தரையில் படுக்க வைத்து அளப்பான். பத்தாவது முறை பன்றியின் மூக்கு முடிகிற இடத்தில் தன் முள் ஒன்றைப் பிடுங்கி நடுவான். மயில் கூவியதும் தோற்றவர் அந்த முள்ளருகிலிருந்து ஓட வேண்டும்.

"உடம்பைச் சுருக்காதே! அளவு குறையுது!" என்று சிலும்பன் அதட்டுவான்.

"எத்தனை தடவைய்யா படுத்து எழுந்திருக்கிறது? சீக்கிரம் முள்ளை நடு!" என்று பன்றி உறுமும்.

போன வருஷம் கரியன் எல்லா வாரமும் ஜெயித்தான். பெரிய பந்தயத்தன்று கரையோரம் கடைசியில் நின்றான். பொடியன் என்ற முயல் நடு ஏரியில் நின்றது. கரியன் காற்றாகப் பறந்து வந்தும் முயல் ஒரு மூக்கு நீளத்தில் முந்திவிட்டது. கரியனும் அவன் மனைவி தும்பையும் கோடை முழுவதும் சேறு குடித்தார்கள்.

இந்த வருஷம் தும்பை சினையாக இருந்தாள். கரியனுக்கு அது ஒரே நினைப்பாக இருந்தது. தை மாத முதல் பந்தயத்தில் அவன் பாதி வழியில் தடுக்கி விழுந்தான். எழுந்து, முன்னங்கால் ஒன்றைத் தூக்கித் தூக்கி வைத்து, நொண்டிக்கொண்டே கடைசியாக வந்து சேர்ந்தான்.

"ஐயோ, அண்ணே! கால் என்னாச்சு?" என்று பொடியன் பதறியது.

"எலி வளையில கால் மாட்டிக்கிச்சு, தம்பி. சுளுக்குப் போல," என்றான் கரியன்.

அவன் காலில் ஒன்றும் இல்லை. எலி வளையும் இல்லை!

அடுத்த வாரமும் தோற்றான். அதற்கடுத்த வாரமும் தோற்றான். தோற்பதற்கும் கெட்டிக்காரத்தனம் வேண்டும், ஐயா! ஒருநாள் மயில் கூவியது காதில் விழாதது போல நின்றான். ஒருநாள் ஆமைக்கு வழிவிட்டு ஒதுங்கினான். ஒவ்வொரு வாரமும் பன்றி படுத்து எழுந்தது. கரியனின் முள் கிழக்கே நகர்ந்துகொண்டே போனது. பொடியன் எங்கிருந்தோ ஒரு கசப்புத் தழையைக் கவ்விக்கொண்டு வந்து, "இதை மென்னு தின்னுங்க அண்ணே, சுளுக்கு விட்டுடும்," என்றது. கரியன் அதன் முகத்தைப் பார்க்காமல் மென்று விழுங்கினான்.

மாசி கடைசியில் அவன் முள் நாவல் மரத்துக்கு வெகு கிட்டே வந்துவிட்டது. மற்றவர்கள் எல்லாம் கரைப் பக்கம் நின்றார்கள். அவன் மட்டும் தனியாகக் கோரைக்குப் பக்கத்தில் நின்றான். 'பங்குனிப் பந்தயத்தில் பத்துத் தாவல் போதும்!' என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டான்.

அன்று மயில் கூவக் காத்திருந்தபோது கோரை லேசாக ஆடியது. காற்று இல்லை. கரியன் திரும்பிப் பார்த்தான். கோரைத் தட்டைகளுக்கு நடுவே இரண்டு காதுகள் தெரிந்தன. சிவப்புக் காதுகள். அவற்றுக்குக் கீழே இரண்டு கண்கள்.

செந்நாய்!

 மயில் கூவியது. அவன் நகரவே இல்லை. மற்றவர்கள் அவனைக் கடந்து ஓடினார்கள். திரும்பிப் பார்த்தபோது காதுகள் இல்லை. அன்று அவன் நடிக்காமலேயே தோற்றான்.

அடுத்த வாரம் நான்கு காதுகள் தெரிந்தன. இரை தேடி வருகிற செந்நாய்கள் கூட்டத்தில் எல்லோரையும் மாறி மாறிப் பார்க்கும். இவை அப்படிப் பார்க்கவில்லை. கரியனின் காலை மட்டும் பார்த்தன. அவன் காலைத் தூக்கி வைத்தால் அந்தக் கண்களும் கூடவே வந்தன.

வீட்டுக்கு வந்ததும் தும்பையிடம் சொன்னான். அவள் துள்ளி எழுந்தாள்.

"ஆள்காட்டிக் குருவிகிட்ட போய்ச் சொல்லுங்க! அது கத்தி எல்லாரையும் உஷார் பண்ணிடும்!"

"சொன்னா பந்தயம் நின்னுடும், தும்பை. இத்தனை வாரம் தோத்ததெல்லாம் வீணாயிடும்!"

"உங்க உசிரைவிடத் தண்ணி பெருசா?"

"உனக்காகத்தானே பண்றேன்!"

"நான் கேட்டேனா?" என்றாள் தும்பை. 

அதன்பிறகு அவனுக்குத் தூக்கம் போயிற்று. புல் மேய வாயை வைத்தால் பின்னால் யாரோ நிற்பது போலவே இருக்கும். சருகு விழுந்தால் துள்ளுவான். ஒரு மத்தியானம், சுற்றிலும் ஒருவரும் இல்லை என்று தெரிந்ததும், கோரையைப் பார்த்து நான்கு காலையும் ஊன்றி நேராக நடந்தான். 'பாருங்கள், நான் நொண்டி இல்லை! என்னைப் பிடிக்க உங்களால் முடியாது!' என்று காட்டத்தான். பத்தடி வைப்பதற்குள் புதருக்குள்ளிருந்து மயில் எட்டிப் பார்த்தது. உடனே கால் தானாக மேலே எழும்பிவிட்டது. நொண்டிக்கொண்டே திரும்பினான். நொண்டினால் செந்நாய் பார்க்கிறது. நொண்டாவிட்டால் ஊர் பார்க்கிறது. எந்தப் பக்கம் போவான், பாவம்!

கோரைக்குள்ளே அன்று நடந்த பேச்சு அவனுக்குத் தெரியாது.

"அக்கா, இன்னும் எத்தனை நாள் பசியோட படுத்துக் கிடக்கிறது?" என்று ஒரு குட்டிச் செந்நாய் சிணுங்கியது.

"அவசரப்படாதேடா! வெளிமானை ஓடிப் பிடிச்சவங்க யாரும் இல்லை. ஆனா இவன் நொண்டி. வாரா வாரம் பார்க்கிறோம், ஒருநாள்கூட முந்தினதில்லை. கூட்டத்தை விட்டுத் தனியா வேற நிக்கிறான்," என்றது தலைவி.

"எப்போ அக்கா?"

"ஒவ்வொரு வாரமும் அவனே கிட்டக் கிட்ட வர்றான். வரட்டும்!"

பங்குனி கடைசி வந்தது. கரை முழுக்கக் கூட்டம். சிலும்பன் கொட்டாவி விட்டுக்கொண்டே முட்களைச் சரிபார்த்தான். கரியனின் முள் கோரையின் ஓரத்தில் இருந்தது. அங்கிருந்து பார்த்தால் கரையில் இருப்பவர்கள் எறும்பு அளவுதான் தெரிந்தார்கள்.

"இன்னிக்கு வேண்டாங்க," என்று தும்பை வழியை மறித்தாள். "அந்தத் தண்ணி வேண்டாம். சேத்துத் தண்ணியே குடிச்சுக்கறேன். வாங்க, போயிடலாம்!"

"பத்துத் தாவல், தும்பை. பத்தே தாவல்! ஊத்துக்கரையில போய் நின்னதும் எல்லாரும் ஓடி வந்துடுவாங்க. அப்புறம் என்ன பயம்?"

அவன் நொண்டிக்கொண்டே ஏரியைக் கடந்து போனான். வழியில் பொடியன், "அண்ணே, இந்தத் தடவை நீங்கதான் ஜெயிக்கணும்! அண்ணிக்குத் தண்ணி வேணும்!" என்று கத்தியது. மனசாரத்தான் கத்தியது.  கரியன் திரும்பிப் பார்க்காமல் நடந்தான்.

முள்ளருகே போய் நின்றான். காற்று அவன் முதுகுப் பக்கமிருந்து கோரைக்குள் வீசியது. உள்ளே இருப்பவற்றின் வாடை அவனுக்கு எப்படித் தெரியும்? காதுகள் எதுவும் தெரியவில்லை. 'இன்று வரவில்லை!' என்று பெருமூச்சு விட்டான்.

மயில் கூவியது.

கரியன் நான்கு கால்களையும் ஊன்றித் தாவினான். ஒரு தாவல். இரண்டு தாவல். மூன்றாவது தாவலில், நாவல் மரத்தடியில், தலைவி எழுந்து நின்றது. வலப்பக்கம் ஒன்று எழுந்தது. இடப்பக்கம் இரண்டு எழுந்தன. சீழ்க்கை போல ஒரு சத்தம் கேட்டது. அது செந்நாய்கள் ஒன்றையொன்று கூப்பிடும் சத்தம்.

அவன் தரையைக் கிழித்துக்கொண்டு திரும்பினான். எதிரே பொடியனும் ஆமையும் மற்றவர்களும் சிரித்துக்கொண்டு ஓடி வந்துகொண்டிருந்தார்கள்.

"செந்நாய்!" என்று கரியன் அலறினான். "திரும்புங்க! எல்லாரும் கரைக்கு ஓடுங்க!"

ஆள்காட்டிக் குருவி விருட்டென்று மேலே எழும்பிக் கத்தியது. எல்லோரும் திரும்பினார்கள். காட்டுப்பன்றி ஆமையை மூக்கால் உருட்டிக்கொண்டே ஓடியது. கரைப் பக்கம் நின்றவர்களுக்குக் கரை எட்டும் தூரம்தான். எல்லோரும் ஏறிவிட்டார்கள்.

கரியன் மட்டும் ஏரியின் மறுகோடியில் இருந்தான். வாரா வாரம் தோற்றுத் தோற்று அவன் வாங்கிய தூரம் முழுவதும் இப்போது அவனுக்கும் கரைக்கும் நடுவே கிடந்தது.

அவன் ஓடினான். அப்படி ஒரு ஓட்டத்தை அந்தக் காடு பார்த்ததில்லை. புல்லைத் தொடாமல் பறந்தான். கரையில் நின்றவர்கள் வாயைப் பிளந்தார்கள்.

"கால்... அவன் கால் சரியாத்தானே இருக்கு!" என்றான் சிலும்பன்.

"அண்ணே, ஓடுங்க! ஓடுங்க!" என்று பொடியன் குதித்துக் குதித்துக் கத்தியது. தும்பை கரையின் விளிம்புக்கே ஓடி வந்தாள். 

பாதி ஏரி வரை செந்நாய்கள் பின்தங்கித்தான் வந்தன. போன வருஷத்துக் கரியனாக இருந்தால் அதற்குள் கரை ஏறியிருப்பான். ஆனால் தை முதல் பங்குனி வரை அவன் ஒருநாள்கூட ஓடவில்லையே! நொண்டி நொண்டியே நடந்தவனுக்கு மூச்சு பாதியில் அடைத்தது. தொடை கல்லாகக் கனத்தது. ஒரு கால் மட்டும் இளைத்துப்போயிருப்பது அப்போதுதான் அவனுக்கே தெரிந்தது. பின்னால் மூச்சுச் சத்தம் கேட்டது. பிறகு பக்கத்தில் கேட்டது. பிறகு இரண்டு பக்கமும் கேட்டது.

கரைக்கு இன்னும் பத்துத் தாவல் இருந்தது. தும்பையின் முகம் அவனுக்கு நன்றாகத் தெரிந்தது.

அங்கேயே மடக்கிவிட்டன.

 கரையில் சிலும்பனின் முட்கள் சிலிர்த்து நின்றன. கீழே புழுதி அடங்கியதும் குட்டிச் செந்நாய் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டது:

"அக்கா, இவன் நொண்டியே இல்லையே! நம்மை இந்த ஓட்டம் ஓட விட்டானே!"

"ஆமாண்டா," என்றது தலைவி. "இப்படி ஓடுவான்னு முன்னாலேயே தெரிஞ்சிருந்தா இவன் பக்கமே வந்திருக்க மாட்டோம். வேற காட்டுக்குப் போயிருப்போம்."

பத்துத் தாவல் தூரம்தானே, அந்த வார்த்தைகள் கரைக்கும் எட்டின. எல்லோரும் கேட்டார்கள். பொடியன் மெல்லத் தும்பையின் பக்கம் திரும்பியது.

"அண்ணி... அண்ணன் கால் நல்லாத்தான் இருந்துச்சா?"

தும்பை ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லாத்தான் இருந்துச்சு," என்றாள்.

கூட இருப்பவர்களை ஏமாற்றப் பொய்யாகக் காட்டும் பலவீனத்தை, முதலில் நம்பி வருகிறவன் எதிரிதான்.