யவன அறிஞரின் இரண்டு கைகள்

இளங்கண்டன் என்று ஓர் அரசன். நல்லவன்தான். ஆனால் கடைசியாகப் பேசியவர் சொன்னதுதான் அவனுக்கு வேதம்.

அவனுடைய துறைமுகத்து வாயிலில் ஒரு மணல்திட்டு உண்டு. மழைக்கு மழை இடம் மாறும். கப்பல் அதில் தட்டாமல் வெளியே போக ஒரு வழிகாட்டி வேண்டும். ஆண்டுதோறும் கரையில் உள்ளவர்கள் கூடி, பானையில் கிளிஞ்சல் போட்டு அவனைத் தேர்ந்தெடுப்பார்கள். போன முறை சேந்தன் என்பவனைத் தேர்ந்தெடுத்தார்கள்.

அரண்மனை விருந்தாளியாக வந்திருந்த தியோன் என்ற யவன அறிஞர் இதைக் கேட்டுச் சிரித்தார்.

“எங்கள் ஊரிலும் இந்தக் கூத்து உண்டு அரசே. எண்ணெய் விற்பவனும் வெங்காயம் விற்பவனும் கையைத் தூக்கிப் படைத்தலைவனைத் தேர்ந்தெடுப்பார்கள். காய்ச்சல் வந்தால் தெருவில் உள்ளவர்களைக் கூட்டியா மருந்து கேட்பீர்கள்? அறிந்தவனை அறிந்தவனே தேர்ந்தெடுக்க வேண்டும்.”

அறிஞர் ‘அறிந்தவன்’ என்று சொன்னது தன்னைத்தான் என அரசன் எடுத்துக்கொண்டான். பானையை உடைக்கச் சொன்னான். சேந்தனை நீக்கி, மைத்துனன் கடம்பனை வழிகாட்டி ஆக்கினான்.

அவையில் தத்தன் என்றொரு குறும்புக்காரன். அவன் எழுந்தான்.

“அருமை அரசே! நாளை அறிஞர் ஊருக்குப் புறப்படுகிறார். கடம்பர் முதலில் அவர் கப்பலையே நடத்தட்டும். யோசனை சொன்னவருக்குத்தானே முதல் மரியாதை?”

மறுநாள் நங்கூரம் தூக்கும் நேரம். வழியனுப்ப அரசனும் தத்தனும் கரையில் நின்றார்கள். கப்பலில் தியோன் மெல்லக் கேட்டார்:

“கடம்பரே, மணல்திட்டு எந்தப் பக்கம்?”

“தண்ணீருக்கு அடியில்.”

“இதற்கு முன் கப்பலில் போயிருக்கிறீரா?”

“பல்லக்கில் போயிருக்கிறேன். அதுவும் ஆடும்.”

அறிஞர் கரைக்கு ஓடிவந்தார். “அரசே, இவருக்குக் கடல் தெரியும் என்று யார் சொன்னது?”

“கடம்பனே சொன்னான்.”

“தங்களுக்குக் கடல் தெரியுமா?”

“தினமும் மாடியிலிருந்து பார்க்கிறேனே!”

தியோன் கப்பலையும் கடலையும் மாறி மாறிப் பார்த்தார். தத்தன் பணிவாக அருகில் வந்தான்.

“ஐயா, ஒரு வழி இருக்கிறது. தங்களுக்குப் பிடிக்காது. கப்பலில் ஏறியவர்களைக் கேட்கலாம். எண்ணெய் வியாபாரி இருக்கிறார், வெங்காய வியாபாரியும் இருக்கிறார். கடல் தெரியாதவர்கள்தான். ஆனால் மூழ்கப்போவது அவர்கள்.”

“கேள், சீக்கிரம் கேள்!”

தத்தன் கப்பலைப் பார்த்துக் கூவினான். “சேந்தனே வழிகாட்டட்டும் என்பவர்கள்...”

முடிப்பதற்குள் கப்பல் முழுக்கக் கைகள். எல்லாருக்கும் முந்தி உயர்ந்தவை அறிஞருடைய இரண்டு கைகள்.

“ஒன்றை இறக்குங்கள் ஐயா,” என்றான் தத்தன். “எங்கள் ஊரில் ஆளுக்கு ஒரு கிளிஞ்சல்தான்.”

அரசன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். முத்துமாலையைக் கழற்றித் தத்தன் கழுத்தில் போட்டான். சேந்தனை அழைத்து வரவும் புதுப் பானை வாங்கவும் ஆள் அனுப்பினான். கடம்பனைப் பத்திரமாகப் பல்லக்கில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பினான்.