வழுக்காத வண்டி

குளிர்நாட்டு ஊர் ஒன்றில் ஒரு பிக்கப் வண்டி இருந்தது. அதற்குள் ஒரு குடும்பமே குடியிருந்தது. நாலு சக்கரங்களில் முன்சில்லுகள் இரண்டும் பாதை பார்க்கும், பின்சில்லுகள் இரண்டும் வண்டியைத் தள்ளும், பிரேக் நிறுத்தும். இவர்கள் எல்லோருக்கும் மேலே, ஒரு திருகுக் குமிழுக்குப் பின்னால், நாலுசில்லு இழுவை என்றொருவர் இருந்தார். குமிழைத் திருகினால் எழும்பி வருவார். நாலு சில்லுகளையும் ஒன்றாக இழுக்க வைப்பார். வண்டியின் பக்கவாட்டில் தன்னுடைய பெயரைத்தான் கொட்டை எழுத்தில் ஒட்டியிருக்கிறார்கள் என்ற பெருமை அவருக்கு நிறைய உண்டு.

வண்டிக்காரன் தவபாலன். அன்று காலை அவன் மனைவி சியாமளாவை வேலைக்குக் கொண்டுபோய் விடவேண்டும். போகிற வழியில் ஒரு இறக்கம் இருந்தது. அதன் அடியில்தான் பள்ளிக்கூட பஸ் நின்று பிள்ளைகளை ஏற்றும்.

இரவு முழுக்க மழை தூறி, விடியப்புறம் அது அப்படியே உறைந்திருந்தது. பார்த்தால் தெரு வெறுமனே நனைந்து கிடப்பது போலத்தான் இருந்தது. தவபாலன் வண்டியைக் கிளப்பியதும் இடப்பக்கப் பின்சில்லு விர்ரென்று நின்ற இடத்திலேயே சுற்றியது. பின்பெட்டியில் ஒரு சாமானும் இல்லை. ஊன்றிப் பிடிக்க அதற்குப் பாரம் போதவில்லை.

"வழுக்குதப்பா," என்றாள் சியாமளா.

"உதுக்குத்தானே நாலுசில்லு வண்டி வாங்கினது," என்று சொல்லித் தவபாலன் குமிழைத் திருகினான். இழுவை எழும்பினார். வண்டி அலுங்காமல் குலுங்காமல் நகர்ந்தது. "பாத்தீரே? இப்ப ஒரு சத்தமும் இல்லை."

பின்சில்லுக்குத் திக்கென்றது.

"அண்ணை," என்றது இழுவையிடம், "அவருக்குத் தெரியட்டும் எண்டுதான் நான் சுத்தினனான். தெரு கண்ணாடி மாதிரிக் கிடக்கு. இன்னும் ஒருக்கா என்னை வழுக்க விடுங்கோ."

"மானத்தை வாங்காதை," என்றார் இழுவை. "வழுக்கக்கூடாது எண்டுதானே எங்களை வாங்கினவர். நீ விட்ட பிடியை மற்ற மூண்டு பேரும் பிடிக்கினம். அந்தாள் நிம்மதியா ஓடட்டும்."

"நிம்மதி வந்தால் கெதியா எல்லோ ஓடுவார்?"

"ஓடட்டுமே!"

தவபாலன் கெதியாகத்தான் ஓடினான்; வேகம் ஏறிக்கொண்டே போனது. முன்னால் ஒரு சின்னக் கார், வழுக்கலில் வாலை ஆட்டிக்கொண்டு ஊர்ந்து போனது. தவபாலன் உச்சுக்கொட்டிவிட்டு அதை முந்திக்கொண்டு போனான். இழுவைக்குத் தலைகால் தெரியவில்லை.

பிரேக் அதுவரை வாய் திறக்கவில்லை. கூப்பிட்டாலொழியப் பேசாத சுபாவம் அதற்கு. ஆனால் இப்போது பொறுக்கமாட்டாமல் கேட்டது.

"அண்ணை, இறக்கத்திலை அவர் என்னைத்தான் கூப்பிடப் போறார். அப்ப நீங்கள் என்ன செய்வியள்?"

"நானோ? நான் இழுக்கிற ஆள். நிப்பாட்டுறது உன்ரை வேலை."

"அதைத்தான் நானும் சொல்லுறன். இழுக்கிறதுக்குத்தான் நீங்கள் ரெண்டை நாலாக்கினீங்கள். நிப்பாட்டுறதுக்கு அந்தச் சின்னக் காருக்கும் நாலு சில்லு, எங்களுக்கும் நாலு சில்லு. பாரம் மட்டும் எங்களுக்குக் கூடுதல்."

இழுவை இப்படியொரு கணக்கை ஒருநாளும் யோசித்துப் பார்த்ததில்லை. யோசிக்கத் தொடங்குவதற்குள் இறக்கம் வந்துவிட்டது.

அடியில் பஸ் சிவப்பு விளக்கை மின்னவிட்டு நின்றது. பிள்ளைகள் தெருவைக் கடந்துகொண்டிருந்தார்கள். தவபாலன் பிரேக்கை அமத்தினான். பிரேக் நாலு சில்லுகளையும் விட்டுவிட்டுப் பிடித்தது. நடுங்கி நடுங்கிப் பிடித்தது. வண்டி நிற்கவில்லை.

சிவப்புத் தொப்பி போட்ட சின்னப் பிள்ளை ஒன்று தெரு நடுவில் நின்று, வருகிற வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தது. பின்சில்லு தன் வாழ்க்கையில் அப்படிப் பயந்ததில்லை. தான் தேய்ந்து கிழிந்து போனாலும் பரவாயில்லை, அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகிவிடக்கூடாது என்று அது தவித்தது. தவித்து என்ன, பிடிக்க அங்கே ஒன்றும் இல்லை.

"காலை எடுங்கோ! ஓரத்துப் பனிக்குள்ளை வெட்டுங்கோ!" என்று சியாமளா கத்தினாள்.

தவபாலன் பிரேக்கை விட்டு வளைத்தான். மறுபடி உருள வழி கிடைத்த முன்சில்லுகள், தெருவோரம் குவித்திருந்த பனியை எட்டிப் பிடித்துக்கொண்டன. வண்டி பனிமேட்டில் மூக்கைக் குத்தி நின்றது. வண்டிக்கும் பிள்ளைக்கும் நடுவே ஒரு கட்டில் போடுகிற இடம்தான் இருந்தது. பஸ் ஓட்டி வந்த பெண் ஓடிவந்து பிள்ளையை அள்ளித் தூக்கினாள்.

வண்டிக்குள் இழுவைதான் மெல்லத் தொடங்கினார்.

"நான் என்ரை வேலையைச் சரியாத்தான் செய்தனான். வீட்டிலையிருந்து இறக்கம் வரைக்கும் ஒருக்காக்கூட வழுக்க விடேல்லை."

"ஓம் அண்ணை," என்றது பின்சில்லு. "விடேல்லை."

தவபாலன் பிள்ளையைப் பார்க்கவென்று பதறிக்கொண்டு இறங்கினான். ஊன்றிய கால் ஒரு பக்கம் போனது, மற்றக் கால் இன்னொரு பக்கம் போனது. நடுத்தெருவில் மல்லாந்து விழுந்தான். எழும்புவதற்கு ஊன்றிய கையும் வழுக்கியது. கிடந்தபடியே தெருவைத் தடவிப் பார்த்தான்.

"ஐயோ சியாமளா, தெரு முழுக்க ஐஸ்!" என்றான். "எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே!"