ஓரிடத்தான் பட்டம்

வெண்ணாவல் நாட்டில் அரியணையும் உண்டு, அணு உலையும் உண்டு. இரண்டில் எது அதிகச் சூடு என்று யாரும் தொட்டுப் பார்த்ததில்லை.

அந்த உலையில் ஒரு மருந்து தயாரானது. ஊசியில் ஏற்றினால் உடம்புக்குள் போய், நெஞ்சில் எங்கே அடைப்பு என்று காமிராவுக்குக் காட்டிக்கொடுத்துவிடும். வெளியூர்க்காரர்கள் அதை ஐசோடோப் என்பார்கள். வெண்ணாவல் புலவர்கள் அதற்கு ஓரிடத்தான் என்று பெயர் வைத்திருந்தார்கள். பெயர்தான் ஓரிடத்தான், ஒரே இடத்தில் வைத்திருந்தால் வீண். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை அதன் வீரியம் பாதியாகும். விடியலில் எடுத்தது உச்சிக்குப் பாதி, அந்திக்குக் கால்.

ஓரிடத்தான் துறைக்கு அமைச்சர் ரத்தினசபாபதி. அரசியின் தம்பி. துறையில் புதுமை செய்து தலைமை தாங்கியவருக்கு விருது தரவேண்டும் என்று முன்மொழிந்தவர் அவர். தேர்வுக் குழுவின் தலைவரும் அவர். குழு நெடுநேரம் யோசித்து அவரையே தேர்ந்தெடுத்தது.

சபையில் பட்டங்களுக்குப் பெயர் சூட்டுவது ஆவுடையப்பனின் வேலை. விழாவுக்கு முந்தின நாள் மன்னர் அவனைக் கூப்பிட்டார். பக்கத்தில் அமைச்சர்.

"அந்த மருந்துக்கு என்னென்ன குணம் உண்டோ, அத்தனையும் என் பட்டத்துக்கும் இருக்க வேண்டும் ஓய்" என்றார் அமைச்சர். "ஒன்றுகூடக் குறையக் கூடாது."

"அத்தனையுமா?"

"அத்தனையும். அப்புறம், மருந்துப் பெட்டி விடிந்ததிலிருந்து விழா முடியும்வரை மேடையில் இருக்க வேண்டும். நான் சொல்லாமல் யாரும் அதைத் தொடக் கூடாது. அத்தான், இதை ஆணையாகவே போட்டுவிடுங்கள்."

மன்னர் போட்டுவிட்டார். மைத்துனர் விஷயத்தில் அவர் வீட்டுக்குப் பயந்தவர்.

ஆவுடையப்பனின் மனைவி கோமதிக்குப் படியேறினால் நெஞ்சு வலித்தது. மறுநாள்தான் அவளுக்குப் பரிசோதனை. ஏற்கெனவே இரண்டு முறை பட்டினியாகப் போய்த் திரும்பி வந்திருந்தாள். ஒருமுறை மருந்து கண்காட்சிக்குப் போயிருந்தது. மறுமுறை விழா ஒத்திகைக்கு.

காலையில் அவள் கேட்டாள். "இன்னைக்கும் வெறும் வயித்தோட போயிட்டு வரணுமா? இல்ல, உங்க சபையில யாருக்காச்சும் நெஞ்சுன்னு ஒண்ணு இருக்கா?"

"போய் உட்காரு. மருந்து வரும்."

"எப்படி வரும்?"

"அதுதான் யோசிக்கிறேன்" என்று அவன் தலைப்பாகையைக் கட்டிக்கொண்டான்.

விழா தொடங்கியது. மேடை நடுவில் ஈயப் பெட்டி, அதற்கு மேல் பட்டுக்குடை. கட்டியக்காரன் முழங்கினான்: "அணுவையாண்ட புதுமைத் தலைமை ஓரிடத்தான் ரத்தினசபாபதி, பராக்!"

அமைச்சர் பூரித்துப்போனார். பாராட்டுரைகள் தொடங்கின. மருத்துவமனையிலிருந்து இரண்டு முறை ஆள் வந்தது. இரண்டு முறையும் அமைச்சர் கையசைத்துத் திருப்பி அனுப்பினார்.

உச்சி மணி அடித்தது. ஆவுடையப்பன் கண்ணைக் காட்ட, கட்டியக்காரன் எழுந்தான்.

"தலைமை ஓரிடத்தான் ரத்தினசபாபதி, பராக்!"

பின்வரிசையில் யாரோ இருமுவதுபோல் சிரித்தார்கள். அமைச்சர் நாற்காலியை விட்டு எழுந்து உலைப் பக்கம் போனதே இல்லை என்பது ஊருக்கே தெரியும்.

"என் பட்டத்தில் பாதி எங்கே ஓய்?"

"மருந்தில் பாதி எங்கே போனதோ, அங்கே" என்றான் ஆவுடையப்பன். "அத்தனை குணமும் வேண்டும் என்று தாங்கள்தான் கேட்டீர்கள். அதன் முதல் குணமே பாதியாவதுதான்."

அமைச்சர் மன்னரைப் பார்த்தார். மன்னர் மீசையைத் தடவுகிற சாக்கில் வாயை மூடிக்கொண்டிருந்தார்.

"இதை நிறுத்த வழி?"

"நோயாளி உடம்பில் ஏறிவிட்டால் மருந்தின் வேலை முடிந்தது. அப்புறம் யாரும் அதை அளப்பதில்லை. பட்டத்தையும் அளக்கமாட்டோம்."

அமைச்சர் யோசித்தார். சாயங்காலம் வெளிநாட்டுத் தூதர்கள் பேசவிருந்தார்கள். "அந்திக்கு என்ன மிஞ்சும்?"

"வெறும் ஓரிடத்தான்."

"ஒற்றைச் சொல். அதற்கு மேல் உம்மால் பாதியாக்க முடியாது" என்று அமைச்சர் சாய்ந்து உட்கார்ந்தார். "பெட்டி இங்கேயே இருக்கட்டும்."

ஆவுடையப்பன் அவர் காதருகே குனிந்து ஏதோ சொன்னான். ஒரே ஒரு சொல்தான் இருக்கும். அமைச்சரின் முகம் வெளுத்தது. அவர் எழுந்தார். பட்டுக்குடையைத் தள்ளினார்.

"பெட்டியை எடுங்கள். மருத்துவமனைக்கு. ஓடுங்கள்."

நான்கு பேர் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பெட்டி போய்ச் சேருமோ என்று சந்தேகம் வந்ததோ என்னவோ, அமைச்சரும் பின்னாலேயே ஓடினார்.

சாயங்காலம் மருத்துவமனையிலிருந்து செய்தி வந்தது. கோமதிக்கு ஓர் அடைப்பு. ஆரம்பத்திலேயே தெரிந்துவிட்டதால் மாத்திரையிலேயே சரியாகிவிடும். அவள் இரண்டாவது தட்டு இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள்.

மன்னர் ஆவுடையப்பனைத் தனியாக அழைத்துத் தன் சால்வையைப் போர்த்தினார்.

"நானும் மத்தியானத்திலிருந்து மண்டையை உடைத்துக்கொள்கிறேன். அவன் காதில் என்ன ஓய் சொன்னீர்?"

"ஓரிடத்தானையும் பாதியாக்கலாம் அரசே. முன்பாதி போனால் என்ன மிஞ்சும் என்று சொன்னேன்."

"என்ன மிஞ்சும்?"

"தான்."

மன்னர் சிரித்த சிரிப்பில், அடுத்த அறையில் இருந்த அரசி எட்டிப் பார்த்தாள்.