அரசர் கேட்ட இன்னொரு கிண்ணம்

முன்னொரு காலத்தில், ஜப்பான் தேசத்தில் சாமுராய்கள் வாளும் கையுமாகத் திரிந்த நாளில், ஒரு மலைக்கோட்டையை ஹிசமோரி என்ற அரசர் ஆண்டுவந்தார். நல்ல மனுஷன்தான். ஆனால் வாய்க்கு வந்ததையெல்லாம் சட்டமாக்கிவிடுவார்.

எதிரிப் படை கோட்டையை வளைத்துக்கொண்டது. சண்டைகூடப் போடவில்லை, பாவிகள்! உள்ளே அரிசி தீரட்டும் என்று அடிவாரத்தில் உட்கார்ந்து சோறு பொங்கித் தின்றார்கள். அரிசி தீர்ந்தது. குதிரைகளும் தீர்ந்தன. பிள்ளைகள் அழத் தெம்பில்லாமல் கிடந்தன.

மந்திரி முனேதோஷி சபைக்கு வந்தார். "பிரபு, முற்றுகை வந்தால் உதவும் என்றுதான் மெத்தை மாதிரித் தடித்த நம் கோட்டைப் பாய்களுக்குள் வைக்கோலுக்குப் பதிலாகக் காய்ந்த சேப்பங்கிழங்குத் தண்டை வைத்துத் தைக்கச் சொன்னேன். பிரித்து வேகவைத்தால் பிழைக்கலாம். என் மகள் கியோ கண்ணைத் திறக்கவே மாட்டேன் என்கிறாள்."

மந்திரியைக் கண்டாலே வயிறெரிகிற கன்பெய் என்ற சபைப் பெரிய மனிதர் சிரித்தார். "நாம் உட்கார்ந்து தேய்த்த பாயை நாமே தின்பதா? எதிரிக்குத் தெரிந்தால் மானம் போகும், பிரபு!"

அரசருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "பாயில் கத்தி வைப்பவனுக்குத் தலை இருக்காது! நானே பாயைத் தின்றுவிட்டு, இன்னொரு கிண்ணம் கொண்டா என்று கேட்டால், அன்றைக்குப் பிரித்துக்கொள்ளுங்கள்." சபை சிரித்தது. காலி வயிற்றோடு சிரித்தது, பாருங்கள்!

மறுநாள் மந்திரி ஆவி பறக்கும் சட்டியோடு வந்தார். "கொஞ்சம் கிடைத்தது, பிரபு. சூடாகக் குடியுங்கள்."

அரசர் உறிஞ்சிக் குடித்தார். கன்பெய்யும் குடித்துவிட்டு விரலை நக்கினார்.

"அடடா! இன்னொரு கிண்ணம் கொண்டா!"

மந்திரி ஊற்றினார். "கேட்டுவிட்டீர்கள், பிரபு. குடித்தது பாய்தான். என் தலையை எடுத்துக்கொள்ளுங்கள், மற்ற பாய்களைப் பிரிக்கச் சொல்லுங்கள்."

அரசருக்கு முகம் செத்துவிட்டது. எழுந்து, தன் ஆசனப் பாயைத் தானே தூக்கிக் கன்பெய் தலையில் வைத்தார். "முதலில் இதைச் சமையல்கட்டுக்குக் கொண்டுபோம். கடைசிப் பிள்ளை குடித்த பிறகுதான் உமக்கு."

பிறகு மந்திரியிடம் கேட்டார். "இந்தப் புத்தியை நேற்றே காட்டியிருக்கக் கூடாதா, ஐயா?"

"நேற்று எனக்கு உயிர்மேல் ஆசை இருந்தது, பிரபு. என் தலை போனால் கியோவுக்கு யார் இருக்கிறார்கள்? விடியும்போது அவள் போய்விட்டாள். அவள் படுத்திருந்த பாய்தான் இது."

அரசர் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு விம்மி விம்மி அழுதார்.

அன்று கோட்டையில் எல்லா அடுப்பும் எரிந்தது. பனி கொட்டியதும் எதிரி மூட்டை கட்டிக்கொண்டு போனான். கோட்டை பிழைத்தது, அரசர் சட்டம் போடுவதையே குறைத்துக்கொண்டார் என்பார்கள். அதெல்லாம் பிற்பாடு. அன்றைக்கு மந்திரிக்கும் ஒரு கிண்ணம் வந்தது. அவர் குடிக்கவில்லை. பிள்ளைக்கு ஆற்றுகிற பழக்கத்தில், அதை ஊதி ஊதி ஆற்றிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.