விரல் இடைவெளி

மேகம் வந்து தங்கிப்போகும் மலையில் ஒரு மடம் இருந்தது. அதன் சரிவுக்குக் கீழே சமையல்காரி அன்னக்கொடியின் வீடு. மேலே மண்ணைத் தாங்கக் கட்டிய சுவர் இரண்டு மழையில் இரண்டு முறை விழுந்தது. இன்னொரு முறை விழுந்தால் அவள் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று முடிவாகியிருந்தது.

குரு வெள்ளியம்பலம் மடத்துக்கு வருமுன் மலைச்சாலைகளுக்குச் சுவர் கட்டியவர். வயது நாற்பது. மூன்றாவது சுவரை அவர் சொல்லச் சொல்லக் கட்டிய சீடர் பூவலிங்கத்துக்கு அறுபது. தச்சு வேலையை விட்டுவிட்டு வந்தவர்.

பாறையும் மண்ணும் கலந்த சரிவைப் படிப்படியாக வெட்டி, மலைப் பக்கம் சற்றே சாய்த்து அடித்தளம் போட்டார்கள். நீர் வடியத் துளைகள் வைத்தார்கள். படி மாறும் இடங்களில் எல்லாம் சுவரைப் பிரித்து, மேலிருந்து கீழ்வரை ஒரு விரல் இடைவெளி விடச் சொன்னார் குரு.

மயிர் நுழையாமல் பலகை பொருத்தியே பழகியவர் பூவலிங்கம். கடைசி நாள் மாலை, ஒருவரிடமும் சொல்லாமல் எல்லா இடைவெளிகளையும் சிமென்ட்டால் அடைத்துவிட்டார்.

குரு பார்த்தார். காலையில் ஓடைக்குப் போகலாம் என்று பூவலிங்கத்தையும் அன்னக்கொடியையும் அழைத்தார்.

அன்று மேகம் இறங்கியிருந்தது. மரங்கள் வேரில்லாமல் மிதந்தன. மேகத்தில் சரிவிறங்கும்போது கை கோக்கக் கூடாது. ஒரு கை தூரம் விட்டு, குரல் கொடுத்துக்கொண்டே போக வேண்டும். அது அந்த மலை வழக்கம். பூவலிங்கம் பயத்தில் அன்னக்கொடியின் கையைப் பற்றினார். அவர் கால் வழுக்கியது. இருவரும் உருண்டு புதரில் கிடந்தார்கள்.

"என் புருஷன்கூட இப்படி விடாமப் பிடிச்சதில்ல, ஆசாரியாரே" என்றாள் அவள்.

முன்னால் போன குரு திரும்பி வந்து தூக்கிவிட்டார்.

"சாமி, நீங்க மட்டும் எப்படி விழல?" என்று கேட்டார் பூவலிங்கம்.

"உங்க கைக்கு நான் எட்டல."

பூவலிங்கம் ஓடைக்குப் போகவில்லை. அன்று முழுவதும் மேகத்துக்குள் சுவர்ப் பக்கமிருந்து உளிச் சத்தம் கேட்டது.

ஐப்பசி மழை பதினோரு நாள் பெய்தது. சுவரில் மண்மேல் நின்ற ஒரு துண்டு மட்டும் கட்டைவிரல் அளவு இறங்கியது. மற்றவை அசையவில்லை.

மழை விட்ட காலை, மறுபடி மேகம். பூவலிங்கம் குருவிடம் வந்தார்.

"ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம நிக்குது. இதை எப்படிச் சாமி ஒரே சுவர்னு சொல்றது?"

குரு சரிவின் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"அன்னக்கொடி."

கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. கீழே எங்கிருந்தோ பதில் வந்தது.

"இருக்கேன் சாமி. உலை வச்சிருக்கேன்."

குரு பூவலிங்கத்தைப் பார்த்தார். அவர் குரல் கொடுத்துக்கொண்டே சரிவில் இறங்கினார்.