பூவாயி நூற்ற தூளி

மருதமரத்துப் பொந்தில் ஒரு சாரைப்பாம்பு குடியேறிவிட்டது. அதே மரத்தில் வாழ்ந்த இரண்டு அணில்களுக்கும் தூக்கம் போய்விட்டது. போகாதா பின்னே? இருவரும் அப்போதுதான் பிள்ளை பெற்றிருந்தார்கள்.

ஒருத்தி பூவாயி. அவளுக்கு இரட்டைப் பிள்ளைகள். இன்னொருத்தி அவளுடைய நாத்தனார் மினுக்கி. அவளுக்கு ஒற்றைப் பிள்ளை, அதுவும் தலைப்பிள்ளை.

"பிள்ளைகளை எங்கே வைக்கிறது மதினி?" என்று மினுக்கி அழாத குறையாகக் கேட்டாள்.

"நுனிக்கிளையில் தூளி கட்டிப் போடுவோம். அந்தக் கிளை பாம்போட கனத்தைத் தாங்காது. அதனால அது வராது!"

"தூளிக்குத் துணி?"

"நெய்துக்கலாம்!"

"நெய்யறதுக்கு நூல்?"

"நூற்றுக்கலாம்!"

மினுக்கிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அணில் நூல் நூற்று அவள் கேள்விப்பட்டதே இல்லை.

பூவாயி சிரிக்கவில்லை. காட்டோரத்துப் பருத்திச் செடிகளிலிருந்து வெடித்த பருத்தியை வாயில் கவ்விக் கொண்டு வந்தாள். பல்லால் கொட்டையை நீக்கினாள். பஞ்சை விரலால் பிரித்து மெத்தென்று ஆக்கினாள். ஈர்க்குச்சியில் மண்வில்லையைச் செருகித் தக்களி செய்தாள். பிள்ளைகளைக் கிளைக்கவட்டில் கிடத்தி, பக்கத்திலேயே உட்கார்ந்து, ஒரு கண் பாம்பின்மேலும் ஒரு கண் பஞ்சின்மேலுமாகத் தக்களியைச் சுழற்றினாள். விர்ரென்று சுற்றியது! பஞ்சு இழையாக இறங்கியது.

என்ன கைவேலை அது! மினுக்கிகூட வாயைப் பிளந்து பார்த்தாள். ஆனால் அடுத்த நிமிடமே பூவாயி அந்த நூலைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தாள். நூல் அறுந்தது.

"ஐயையோ! நீங்களே அறுத்துட்டீங்களே!"

"இப்ப அறுந்தா ஒட்டிக்கலாம். பிள்ளை படுத்தப்புறம் அறுந்தா என்ன பண்றது?" என்றாள் பூவாயி. அறுந்த முனையில் பஞ்சை வைத்து மறுபடி முறுக்கினாள். நூற்ற நூலையெல்லாம் சாண் சாணாக இழுத்துப் பார்த்தாள்.

"விரல் நோகலையா மதினி?"

"நோகுது. பிள்ளை விழுந்தா இதைவிட நோகுமே!"

மினுக்கிக்கு இதெல்லாம் சரிப்படவில்லை. இந்த வேகத்தில் நூற்றால் என்றைக்குத் தூளி கட்டுவது? அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தது ஒரு காகம். பேச்சில் மகா கெட்டிக்காரக் காகம்!

"அட, மினுக்கி! உன் அழகுக்கு இந்தக் கரட்டு நூலா? என்கிட்ட இலவம்பஞ்சு இருக்கு. பட்டு மாதிரி மின்னும்! வேலம்பிசினைத் தடவி இழுத்தாப் போதும், நூலாயிடும். முறுக்கவே வேண்டாம்!"

"நெசமாவா அண்ணே?"

"உன் கடலைக் குவியலைக் கொடு. சாயங்காலமே உன் பிள்ளை தூளியில் ஆடும்!"

உன் கூட்டுக்கும் இதைத்தான் போட்டாயா என்று மினுக்கி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எங்கே கேட்டாள்? கடலையை அள்ளிக் கொடுத்தாள்.

காகம் சொன்னபடியே சாயங்காலத்துக்குள் தூளி தயாராகிவிட்டது. பளபளவென்று மின்னியது! ஊரே பார்க்கட்டும் என்று மேல்கிளை நுனியில் கட்டினாள் மினுக்கி. மைனாக்கள் கூட்டம் கூட்டமாக வந்து பார்த்தன. அவளுக்குக் கால் கிளையில் பாவவில்லை.

"பிள்ளையைப் போடறதுக்கு முன்னாடி ஒரு கல்லைப் போட்டு ஆட்டிப் பாரு," என்றாள் பூவாயி.

"உங்களுக்குப் பொறாமை மதினி!" என்று மினுக்கி வெடுக்கென்று சொல்லிவிட்டு, பிள்ளையைத் தூளியில் கிடத்தினாள்.

பூவாயி தக்களியை எடுத்துக்கொண்டாள். அவளுக்கு வேலை இருந்தது. இரண்டு இழையை ஒன்றாகச் சேர்த்து, எதிர்ப்பக்கமாக முறுக்கினாள். பொறுமையாக நெய்தாள். சில நாள் கழித்து, நேர் கீழ்க்கிளை நுனியில் தன் தூளியைக் கட்டி, பிள்ளைகளைப் போட்டாள். நிறமும் இல்லை, மினுமினுப்பும் இல்லை. மைனாக்கள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அன்று மத்தியானமே கோடைமழை பிடித்துக்கொண்டது. பேய்க்காற்று! மரமே ஆடியது. பொந்துக்குள் தண்ணீர் புகுந்ததும் பாம்பு வெளியே வந்து, மரத்தடியில் தலையைத் தூக்கிக்கொண்டு நின்றது.

மினுக்கி தன் தூளியைத் தொட்டுப் பார்த்தாள். கை பிசுபிசுத்தது. பிசின் கரைந்து ஒழுகிக்கொண்டிருந்தது! வழவழத்த இலவம்பஞ்சு இழை இழையாக நழுவியது. அவள் பிடிக்கப் பிடிக்க நழுவியது.

"மதினீ! என் பிள்ளை!"

பிள்ளை விழுந்தது. மினுக்கி கண்ணை மூடிக்கொண்டாள்.

தொப்!

கண்ணைத் திறந்து பார்த்தாள். கீழ்க்கிளைத் தூளியில், பூவாயியின் பிள்ளைகளுக்கு நடுவே, அவள் பிள்ளை கிடந்தது! தூளி ஒரு முழம் இறங்கியது. நூல் விறைத்து முனகியது. நூல் அறுந்துபோகவில்லை. மூன்று பிள்ளைகளையும் சுமந்துகொண்டு, மழை ஓயும்வரை அந்தத் தூளி ஆடிக்கொண்டே இருந்தது.

பாம்பு பார்த்துப் பார்த்துச் சலித்து, வேறு மரம் தேடிப் போய்விட்டது.

மினுக்கி இறங்கி ஓடி வந்து பிள்ளையைத் தூக்கினாள். "ஒரு இழை... ஒரே ஒரு இழை விட்டிருந்தா மதினி?"

"எப்படி விடும்? ஒவ்வொரு சாணையும் இழுத்துப் பார்த்தவள் நானாச்சே!"

மினுக்கி அவள் கையைப் பிடித்தாள். விரல் நுனியெல்லாம் தோல் உரிந்திருந்தது. அந்த விரல்களைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "பொறாமைன்னு சொன்ன வாயை அறுக்கணும்!" என்று விம்மினாள்.

"வாய் இருக்கட்டும். விரலைக் கொடு, தக்களி பிடிக்கச் சொல்லித் தரேன்!"

மறுநாள் காலையில் காகம் மறுபடி வந்தது. "மினுக்கி! புதுப் பஞ்சு வந்திருக்கு!"

மினுக்கி அண்ணாந்து, பக்கத்து மரத்து உச்சியில் இருந்த காகத்தின் கூட்டைப் பார்த்தாள். அத்தனை மழையிலும் அசையாமல் இருந்தது. முரட்டுத் தேங்காய்நாரும் கம்பியுமாகப் பின்னிய கூடு! அதில் இலவம்பஞ்சு பேருக்குக்கூட இல்லை.

"உன் கூட்டுல போட்டுக்கோ அண்ணே!" என்று சொல்லிவிட்டு, அவள் தக்களியைச் சுழற்றினாள். முதல் நூலை வெடுக்கென்று இழுத்தாள். அறுந்தது. சிரித்துக்கொண்டே ஒட்டி, மறுபடி முறுக்க ஆரம்பித்தாள்.

மினுமினுக்கும் பொருள் கண்ணைத்தான் கவரும். நம் கையால் பொறுமையாகச் செய்து, சோதித்தும் பார்த்த பொருளே ஆபத்தில் நம்மைத் தாங்கும்.